எந்தப் பக்கம் கவிழ்ந்தது?

முதல் முறை என் டிரோன் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியைப் பாதியளவுக்கு ஏற்றியிருப்பேன். நான்கு மோட்டார்களின் ஓசையும் ஒன்றாகத் திரண்டு, கால்கள் மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பின. அதற்குள் மூக்கு தாழ்ந்தது, வால் எழுந்தது, டிரோன் தலைகுப்புற விழுந்து இறக்கைகள் மண்ணைக் கொத்தத் தொடங்கின. குச்சியை உடனே கீழே இழுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் கை அசையவில்லை. இரண்டு விநாடி கழித்து, சாய்வு கட்டுமீறிப் போனதை உணர்ந்து டிரோனே மோட்டார்களை நிறுத்திக்கொண்டது. புழுதி அடங்கியபோது இரண்டு இறக்கைகள் முறிந்து கிடந்தன. ஆறு வார காலம், ஒவ்வொரு நாள் மாலையும் உட்கார்ந்து நான் பூட்டிய பொருள் அது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பா கோவை கணபதியில் 35 ஆண்டுகள் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். அண்ணனுக்கு அன்னூருக்கு அருகே தென்னந்தோப்பு. இந்த மூன்றும் சேர்ந்துதான் டிரோன் ஆசையைக் கிளப்பின. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்படத் தொடங்கிய சுருள் வெள்ளை ஈ இன்று எங்கள் மாவட்டத்துத் தென்னைகளை விட்டபாடில்லை. ஈ இருப்பது ஓலையின் அடிப்பக்கம். அது சுரக்கும் தேன் போன்ற நீர் கீழ்வரிசை ஓலைகளின் மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் படர்ந்து ஓலை புகை படிந்ததுபோல் கறுத்துவிடும். மரத்துக்கு மேலே ஒரு கண் போனால் எந்த வரிசையில் கறுப்பு ஏறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். ஏறிப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பது வரவர அரிதாகிவிட்டது.

தயாராக வரும் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தியது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. நாமே பூட்டினால் பழுதானாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி உதிரிகளாகவே வாங்கினேன். எஃப்-450 வகைச் சட்டம், அதாவது ஒரு மோட்டாரிலிருந்து குறுக்கே எதிர்மூலை மோட்டாருக்கு 450 மில்லிமீட்டர். ஏ2212 வகை மோட்டார் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 30 ஆம்பியர் தாங்கும் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மின்சுற்று. 1045 இறக்கைகள்: 10 அங்குல விட்டம், 4.5 அங்குலப் புரி, அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறக்கூடிய தூரம். பிக்ஸ்ஹாக் வகைக் கட்டுப்பாட்டுப் பலகை, அதில் டிரோனைப் பறக்கவைக்கும் ஆர்டுபைலட் மென்பொருள். பேட்டரியோடு சேர்த்து எடை 1.2 கிலோ வந்தது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. கணபதியிலிருந்து விமான நிலையம் அதிகத் தூரமில்லை என்பதால் வீட்டு மொட்டை மாடியில் சோதிக்கும் எண்ணத்துக்கே இடமில்லை. எல்லாப் பறப்புச் சோதனையும் அண்ணனின் தோப்பை ஒட்டிய மேட்டுக்காட்டில்தான். மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்.

இரண்டாவது முறை புது இறக்கைகள் மாட்டி அதே இடத்தில் வைத்தேன். இம்முறை பின்பக்கமாக மல்லாந்தது. மூன்று இறக்கைகள் போயின.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக டிரோன் செய்கிற பலரும் இதையேதான் செய்கிறார்கள். தானாகச் சமநிலை காக்கும் எந்த டிரோனிலும் மூன்று எண்கள் உண்டு: பி, ஐ, டி. டிரோன் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைக் கைரோ என்னும் உணரி அளந்து சொல்ல, அதைச் சரிசெய்ய எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுத்தமாக எதிர்வினை ஆற்ற வேண்டும் என்பதை அந்த எண்கள் தீர்மானிக்கின்றன. கவிழ்கிறது என்றால் எதிர்வினை மிகையாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். முன்பின் சாய்வுக்கான பி மதிப்பு 0.135 என்று இருந்தது. அதைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாவது முறை டிரோன் முன்பக்கமாகத்தான் கவிழ்ந்தது. ஆனால் சற்று நிதானமாகக் கவிழ்ந்தது. முதலில் அரை விநாடி தாங்கியது இப்போது ஒரு விநாடி தாங்கியது. நான் மகிழ்ந்துபோனேன். வழி சரி, இன்னும் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த மகிழ்ச்சிக்கு மேலும் இரண்டு இறக்கைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்தேன்.

அன்று மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து, முறிந்த துண்டுகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எண்ணை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பக்கம் கவிழ்ந்தது, கண்ணு?"

"முன்பக்கம்."

"எல்லாத் தடவையும் முன்பக்கம்தானா?"

நான் பதில் சொல்லத் தயங்கினேன். இரண்டாவது முறை பின்பக்கம் என்பது நினைவில் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைப்பேசியில் அண்ணன் மகன் எடுத்திருந்த காணொளிகளை வரிசையாக ஓடவிட்டோம். முன், பின், முன், முன். இடவலமாக ஒருமுறைகூட இல்லை. இரண்டாவது காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, டிரோன் தரையில் இருக்கும்போதே வால்பக்கக் கால் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியிருந்தது தெரிந்தது.

"ஒரு பேரிங் போன மோட்டார், கேட்கிறவர் மாறினாலும் ஒரே இடத்தில்தான் கத்தும்" என்றார் அப்பா. "ஒரு மோட்டார் சரியில்லை என்றால் இது தினமும் அந்த மூலையில்தான் விழ வேண்டும். இது நாளுக்கு ஒரு பக்கம் விழுகிறது. உன் மோட்டார் நன்றாக இருக்கிறது. வேறு எதையோ மாற்றிக் கட்டியிருக்கிறாய்."

அதற்குப் பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இந்த ஐந்து வாக்கியங்களை மிஞ்சவில்லை. ஒரு மோட்டார் வலுவிழந்திருந்தாலோ, ஒன்று மட்டும் எதிர்த்திசையில் சுற்றினாலோ, ஒரு இறக்கை தளர்ந்திருந்தாலோ, ஒரு கம்பியின் சால்டரிங் சரியாகப் பிடிக்காமல் இருந்தாலோ, டிரோன் மறுபடியும் மறுபடியும் அதே மூலையில்தான் சரியும். குற்றம் அந்த மூலையில் குடியிருக்கிறது. ஆனால் ஒருநாள் முன்னும் ஒருநாள் பின்னுமாக, எந்தப் பக்கம் முதலில் ஒரு மயிரிழை சாய்ந்ததோ அந்தப் பக்கமே முழுதாகப் போய்விடுகிறது என்றால், நான்கு மூலைகளிலும் குற்றமில்லை. சாய்வைத் திருத்த வேண்டிய பலகை, சாய்வைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

சிறுவயதில் உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது எளிதில் புரியும். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் கம்பு விழுந்துவிடும்; எந்தப் பக்கம் சாயத் தொடங்கினாலும் விழும். கையை மெதுவாக எதிர்ப்பக்கம் நகர்த்தினால் கம்பு கொஞ்சம் மெதுவாக விழும். பி மதிப்பைக் குறைத்ததும் நான் கண்ட முன்னேற்றம் அதுதான். தவறான திசையில் ஓடும் கையின் வேகத்தை மட்டுப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவே. என் டிரோன் சமநிலை காக்கத் தெரியாமல் கவிழவில்லை. விநாடிக்கு 400 முறை கணக்குப் போட்டு, மிகுந்த கவனத்தோடு தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் திசை எங்கே மாறியது? இரண்டே இடங்களில்தான் மாற முடியும். பலகை உலகத்தைப் பார்ப்பதில் தவறு இருக்கலாம். அல்லது பார்த்ததற்குப் பிறகு கையை நீட்டுவதில் தவறு இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே சோதிக்க முடியும் என்று புரிந்ததுமே பாதிப் பாரம் இறங்கியது. முதலில் நான்கு இறக்கை நட்டுகளையும் ஞாபகமாகக் கழற்றினோம் என்று சொல்லத் தேவையில்லாதபடி, எங்களிடம் அப்போது முழு இறக்கையே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன்: இறக்கை மாட்டியபடி எந்தச் சோதனையும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். 10 அங்குல இறக்கை விரலைத் துண்டாக்கக்கூடியது.

முதல் சோதனை கண்ணுக்கு. டிரோனை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் இணைத்து, பலகையின் அமைப்புகளைப் பார்க்க உதவும் மிஷன் பிளானர் மென்பொருளைத் திறந்தேன். திரையில் விமானியின் அறையில் இருப்பதுபோல ஒரு செயற்கை அடிவானம் தெரியும். டிரோனின் மூக்கைக் கையால் தாழ்த்தினேன். திரையில் தரை மேலேறி வந்தது. மூக்கு தாழ்ந்திருப்பதாகக் காட்டியது. வலப்பக்கம் சாய்த்தேன், வலப்பக்கம் என்றது. பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் அம்பு டிரோனின் முன்பக்கம் பார்த்திருந்தது. பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இடவசதிக்காகப் பலகையை அரைவட்டம் திருப்பி ஒட்டிவிட்டு அதை மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால், முன் சாய்வைப் பின் சாய்வாகவும் வலத்தை இடமாகவும் அது வாசிக்கும். கால்வட்டம் திருப்பியிருந்தால் முன்பின் சாய்வை இடவலச் சாய்வாக வாசிக்கும். என் பலகையின் கண் சரியாகவே இருந்தது.

இரண்டாவது சோதனை கைக்கு. பேட்டரியை மாட்டி, இறக்கை இல்லாமல் மோட்டார்களை மெதுவாகச் சுற்றவிட்டேன். அப்பா சட்டத்தின் நடுப்பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "மூக்கைத் தாழ்த்துங்கள், அப்பா" என்றேன். மூக்கு தாழ்ந்தால் முன்பக்கத்து இரண்டு மோட்டார்கள் விரைந்து சுற்ற வேண்டும். தாழ்ந்ததைத் தூக்க வேண்டியவை அவை. அவர் தாழ்த்தினார். விரைந்தவை பின்பக்கத்து மோட்டார்கள். அறை முழுக்க அவற்றின் சத்தம் உயர்ந்துகொண்டே போனது. வாலைத் தாழ்த்தினார். முன்பக்கத்தவை விரைந்தன. அப்பா என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். நான்கு சுழலிகளை நான்கு மூலைகளில் வைத்துப் பறக்கும் எண்ணம் விமானத்தின் வயதை ஒட்டியது. 1907இல் பிரான்சில் தூவே நகரில் பிரேகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேயும் அப்படி ஒன்றைச் செய்தார்கள். அது ஆளையும் சுமந்துகொண்டு தரையை விட்டு எழுந்தது. ஆனால் நான்கு மூலைகளையும் நான்கு ஆட்கள் பிடித்து நிலைநிறுத்த வேண்டியிருந்தது. 1924இல் எத்தியன் எமிஷென் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் தன் நாற்சுழலி இயந்திரத்தில் 360 மீட்டர் பறந்து காட்டினார். தூக்குவதற்கு நான்கு பெரிய சுழலிகள் போக, நிலைநிறுத்தவும் திருப்பவும் செலுத்தவும் எட்டுச் சிறிய ப்ரொப்பெல்லர்கள் அதில் இருந்தன. நாற்சுழலிக்கு இயல்பான சமநிலை கிடையாது. ஏதோ ஒன்று ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று அந்த வேலையை நான்கு ஆட்கள் செய்தார்கள். இன்று நகத்தளவுள்ள ஒரு கைரோவும் ஒரு சிப்பும் செய்கின்றன. என் டிரோனில் அந்த நால்வரும் இருந்தார்கள். யார் எந்த மூலை என்பதை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மாற்றிச் சொன்னது எப்படி என்பதும் விளங்கியது. ஆர்டுபைலட்டின் எக்ஸ் வடிவ அமைப்பில் மோட்டார் 1 முன் வலம், 2 பின் இடம், 3 முன் இடம், 4 பின் வலம். பந்தய டிரோன்காரர்கள் பயன்படுத்தும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் 1 பின் வலம், 2 முன் வலம், 3 பின் இடம், 4 முன் இடம். இந்த இரண்டாவது வரிசை மல்டிவீ என்னும் பழைய திட்டத்திலிருந்து வழிவழியாக வந்தது. நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் துணைக்கருவியில் இருந்த கைரோவைப் பிரித்தெடுத்துப் பறக்கவிட்ட ஆர்வலர்கள் தொடங்கிய திட்டம் அது. இரண்டு மரபுகள், இரண்டு எண்வரிசைகள். இரண்டிலும் எந்த மூலை மோட்டார் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பது ஒன்றேதான்: முன் வலமும் பின் இடமும் இடஞ்சுழி, மற்ற இரண்டும் வலஞ்சுழி. சுற்றும் திசையைச் சரிபார்த்தபோது எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். நான் பயன்படுத்திய மென்பொருள் ஒன்று, பார்த்து இணைத்த படம் மற்றொன்றுக்கானது.

இதைத் தாளில் வரைந்து பார்த்தபோது ஆசிரியராக எனக்கு உண்டான நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பக்கம் தாழ்கிறது. பலகை முன்னிரண்டை, அதாவது 1ஐயும் 3ஐயும், விரைவுபடுத்துகிறது. என் கம்பிகளின்படி அவை இரண்டும் பின்பக்கத்தில் இருக்கின்றன. வால் மேலும் உயர்கிறது. வலப்பக்கம் தாழ்ந்தால் பலகை 1ஐயும் 4ஐயும் விரைவுபடுத்துகிறது. அவை என் டிரோனில் பின் வலமும் முன் இடமும், குறுக்கெதிர் மூலைகள். அதனால் இடவலச் சாய்வு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டிரோன் தன்னச்சில் திரும்ப மட்டுமே முயலும். அது மெல்லச் சாய்வதற்குள் முன்பின் கவிழ்ப்பு முந்திக்கொண்டது. காணொளியில் ஒருமுறைகூட இடவலமாக விழாததற்கு இதுவே காரணம். விழுந்த விதத்திலேயே முழு விடையும் இருந்திருக்கிறது.

மெமரி கார்டில் இருந்த பறப்புப் பதிவும் அதையே சொன்னது. பலகை விரும்பிய முன்பின் சாய்வு சுழியத்திலேயே ஒரு கோடாக நிற்க, உண்மையான சாய்வு அதை விட்டு விலகிக் கீழே சரிந்து ஓடியது. அதே கணத்தில் 1, 3 ஆகிய இரண்டு வெளியீடுகள் உச்சத்துக்கு ஏற, 2, 4 தரைதட்டின. முதல் விழுதலுக்குப் பிறகே இதைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து இறக்கைகள் மிஞ்சியிருக்கும். பதிவு எழுதப்படுவது தெரிந்தும் எண்களை மாற்றும் அவசரத்தில் அதை நான் தொடவில்லை.

மிஷன் பிளானரில் மோட்டார் சோதனை என்று ஒரு பக்கம் உண்டு. ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான்கள். முன் வலத்தில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். நான் பூட்டி முடித்த அன்றே அதைச் செய்திருந்தேன். நான்கும் சுற்றுகின்றனவா என்று பார்த்தேன். எது சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. இப்போது மறுபடி அழுத்தினேன். பின் வலம், முன் இடம், முன் வலம், பின் இடம் என்று தாவித் தாவிச் சுற்றின.

மென்பொருளிலேயே எந்த வெளியீடு எந்த மோட்டார் என்று எண்களை மாற்றி இதைச் சரிசெய்யலாம். கம்பியைத் தொடவே வேண்டாம். அப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. "கம்பி ஒன்று சொல்லி, எழுத்து வேறொன்று சொல்லக் கூடாது. நாளைக்கு இதை வேறு யாராவது திறந்தால் படத்தைப் பார்ப்பார்களா, உன் கணினியைப் பார்ப்பார்களா?" அவர் சொன்னதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். நான்கு கம்பிகளையும் பிடுங்கி ஆர்டுபைலட் வரிசையில் செருகினேன். ஒவ்வொரு கையின் அடியிலும் அப்பா வெள்ளைப் பெயின்டால் எண்ணை எழுதினார். பி மதிப்பைப் பழைய 0.135க்கே கொண்டுவந்தேன். மூக்கைத் தாழ்த்தினால் முன்பக்கம் விரைந்தது, வலத்தைத் தாழ்த்தினால் வலப்பக்கம் விரைந்தது.

அடுத்த சனிக்கிழமை புது இறக்கைகளோடு காட்டுக்குப் போனோம். த்ராட்டிலை ஏற்றினேன். டிரோன் கவிழவில்லை. ஆனால் முன் இடக் கால் மட்டும் மண்ணை விட்டு எழ மறுத்தது. மற்ற மூன்றும் எழுந்தன. இறக்கிவிட்டேன். திருப்பி வேறு திசை நோக்கி வைத்து ஏற்றினேன். அதே கால். இடம் மாற்றி, சமதரையாகத் தேர்ந்து வைத்தேன். அதே கால்.

இந்த முறை எனக்கே கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம்? ஒரே மூலை, எப்போதும். அப்படியென்றால் குற்றம் அங்கே இருக்கிறது. நான் சொல்வதற்குள் அப்பா, "அந்த மூலையில் சத்தம் வேறாக இருக்கிறது. மற்றவை காற்றை வெட்டுகின்றன, அது காற்றை அறைகிறது" என்றார். அவருடைய காதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தோம், தடையில்லை. திசை சரி. இறக்கையைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு இறுக்கமாக இருந்தது. பிறகு இறக்கையை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலஞ்சுழி இறக்கைக்கு உரிய 1045ஆர் என்ற எழுத்து கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. முந்தைய இரவு மாட்டிய அவசரத்தில் அந்த ஒன்றைக் குப்புற மாட்டியிருக்கிறேன்.

குப்புற மாட்டினால் காற்றை மேல்நோக்கித் தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்பா ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் ஏற்றினார், கழற்றினார், நட்டைத் திருப்பி மறுபுறமாக ஏற்றினார். அப்படியும் வலமாகத் திருகினால்தான் ஏறியது. நட்டைப் புரட்டினாலும் மரை மாறாது. இறக்கையும் அப்படியே. வலஞ்சுழி இறக்கையைக் குப்புறப் போட்டாலும் அது வலஞ்சுழி இறக்கைதான். காற்றைக் கீழேதான் தள்ளும். ஆனால் வளைவு தலைகீழாகிவிடும், பின்விளிம்பு முன்னால் ஓடும். அதனால் தூக்கும் வலு குறைந்துவிடும். காற்று மேலே போக வேண்டுமானால் ஆர் எழுத்துள்ள இறக்கையை இடஞ்சுழி மோட்டாரிலோ, இல்லாததை வலஞ்சுழி மோட்டாரிலோ மாட்டியிருக்க வேண்டும்.

"ஊரில் மின்கம்பத்தில் வேலை நடந்த மறுநாள் கிணற்று மோட்டாரில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று பட்டறைக்கு ஓடிவருவார்கள்" என்றார் அப்பா, இறக்கையைத் திருப்பி மாட்டிக்கொண்டே. "மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸ் இடம் மாறியிருக்கும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் வர வேண்டிய அளவு வராது. அதனால்தான் ஆட்களுக்குச் சந்தேகமே வராது. நின்று போயிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்கள்." டிரோன் மோட்டாரின் மூன்று கம்பிகளைப் பார்த்த முதல் நாளே, "இரண்டை மாற்றிச் சேர்த்தால் திசை மாறும், அதுதானே?" என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. அளவு மட்டுமே வேறு. அவர் பட்டறையில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மோட்டாருக்கும், உள்ளங்கையில் அடங்கும் இந்த 50 கிராம் மோட்டாருக்கும் ஒரே விதி.

இறக்கை நிமிர்ந்தது. வெயில் தாழத் தொடங்கியிருந்தது, காற்று இல்லை. அண்ணன் மகனை வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். குச்சியைத் தயங்கித் தயங்கி ஏற்றாமல், சீராக, ஒரே மூச்சில் ஏற்றினேன். கால் தரையில் உரசிக்கொண்டிருக்கும் நிலையில் பலகை திருத்த முயன்று திருத்த முடியாமல் அந்தப் பிழையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எழும்பியதும் அத்தனையையும் ஒன்றாகக் கொட்டும். அதனால் தரையை விட்டு விரைவாகப் பிரிவது நல்லது.

நான்கு கால்களும் ஒன்றாக எழுந்தன. இடுப்புயரம், தலையுயரம். அங்கே நின்றது. என் விரல் சற்றே நடுங்கியதில் முன்னும் பின்னும் லேசாக ஆடியது, ஆனால் ஒவ்வொரு முறையும் தானாக மட்டத்துக்கு வந்தது. அதன் அடியில் காய்ந்த புல்லும் சருகும் வட்டமாக விலகி ஓடின. அப்பா பாதுகாப்பான தொலைவில் டிரோனைச் சுற்றி மெதுவாக நடந்தார். முன் வலம், பின் வலம், பின் இடம், முன் இடம். ஒவ்வொரு மூலைக்கும் நேராக வந்ததும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். நான்காவது மூலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இறக்கு, கண்ணு. போதும்."

அன்றிரவு பறப்புப் பதிவைத் திறந்தேன். விரும்பிய சாய்வும் உண்மையான சாய்வும் இரண்டு கோடுகளாகத் தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. நான்கு மோட்டார்களின் வெளியீடுகளில் 1ம் 3ம் மட்டும் மற்ற இரண்டைவிடச் சற்று மேலே நின்றன. முன்பக்கத்தில் எடை கூடியிருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோடுகளைப் பார்த்தார், பிறகு மேசைமேல் இருந்த டிரோனைப் பார்த்தார். காலையில் பேட்டரியை ஒரு விரற்கடை பின்னால் தள்ளிக் கட்டினோம்.